சில நூறு பேரால் என்ன செய்ய முடியும்? ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் மக்களின் கையில் இருப்பவை

கேள்வி இது: “எங்கள் ஊர்ச் சாலை பல ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அரிட்டாபட்டியில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள், மத்திய அரசே பின்வாங்கியது. நாங்கள் சில நூறு பேர். ஓட்டுப் போட்டுவிட்டு ஐந்து ஆண்டு காத்திருப்பதைத் தவிர எங்களால் வேறென்ன செய்ய முடியும்?”

அரிட்டாபட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நடந்ததைக் கூட்டத்தின் வெற்றி என்று மட்டும் நினைத்துக்கொண்டால் மற்ற ஊர்களுக்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. கூட்டம் பெரிதுதான். ஆனால் அந்தக் கூட்டம் சேர்வதற்கு முன்பே சில வேலைகள் நடந்திருந்தன.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கரை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமத் தொகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் வென்றதாக 2024 நவம்பர் தொடக்கத்தில் மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. சமணர் படுக்கைகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சுற்றிலும் குன்றுகள், சுனைகள், கண்மாய்கள் உள்ள ஊர் அது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏலம் முடிந்த பிறகுதான் ஊர் மக்களுக்கே செய்தி எட்டியது.

இங்கே அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஏலம் மத்திய அரசுடையது. ஆனால் குத்தகை வழங்க வேண்டியது மாநில அரசு. மாநிலம் உரிய நேரத்தில் எதிர்க்கவில்லை என்று மத்திய அரசு சொன்னது. முன்பே எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்று மாநில அரசு சொன்னது. ஊர் மக்கள் அந்தச் சண்டையில் பக்கம் சேராமல், இரண்டு பேரிடமும் ஒரே கோரிக்கையை எழுத்தில் வைத்தார்கள். நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைக் கூட்டங்களில் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு பாதி இறங்கிவந்து, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறு ஆய்வு செய்யச் சொன்னது. சுற்றியுள்ள ஊர்கள் இதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நீங்கள் சொல்லும் அந்தப் பெருங்கூட்டம் மதுரையை நோக்கி நடந்தது. அதற்காகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிந்து, பின்னர் திரும்பப் பெற்றார்கள். ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லி சென்று சுரங்கத் துறை அமைச்சரைச் சந்தித்த மறுநாள், ஜனவரி 23 அன்று, ஏலமே ரத்தானது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த டிசம்பர் மாதம்தான். அரிட்டாபட்டியை மட்டும் விட்டுவிடுகிறோம் என்று சொல்லி ஊர்களைப் பிரித்துவிடும் வாய்ப்பு அப்போது இருந்தது. ‘முழுத் திட்டமும் வேண்டாம்’ என்று பல ஊராட்சிகளின் தீர்மானப் பதிவேடுகளில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறிவிட்டது. வாய்மொழியாகக் கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எழுதி, தேதியிட்டு, பலர் கையெழுத்திட்ட கோரிக்கையைச் சுருக்குவது கடினம்.

எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் நியாம்கிரியை எப்படி விளங்கிக்கொள்வது? ஒடிசாவில் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் மலை அது. பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனமும் மாநிலச் சுரங்கக் கழகமும் முயன்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது: வன உரிமைச் சட்டத்தின்படி, அந்த மக்களின் வழிபாட்டு உரிமை உள்ளிட்ட கோரிக்கைகளைக் கிராம சபைகளே பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும். 12 குக்கிராமங்களில் நீதித்துறை அதிகாரியின் முன்னிலையில் சபை கூடியது. சிலவற்றில் வாக்காளர்களே சில பத்துப் பேர்தான். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது.

சில பத்துப் பேர் எங்கே, பல்லாயிரம் பேர் எங்கே? நியாம்கிரியில் அந்தக் குரலுக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அரிட்டாபட்டியில் கிராம சபைத் தீர்மானத்துக்கு அந்த அளவு சட்ட வலு இல்லை. அந்தக் குறையைத்தான் மக்கள் தங்கள் எண்ணிக்கையால் நிரப்பினார்கள். ஆகவே, ‘எத்தனை பேர் சேர்ந்தால் நடக்கும்’ என்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘இந்த விஷயத்தில் எனக்குப் பதில் சொல்லச் சட்டப்படி கடமைப்பட்டவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்’ என்பதுதான். மக்களாட்சி இந்தப் பதில் சொல்லும் கடமையின் மேல்தான் நிற்கிறது. ஊராட்சிச் செயலர் ஊராட்சிக்கு, ஊராட்சி கிராம சபைக்கு, வட்டார வளர்ச்சி அலுவலர் ஆட்சியருக்கு, அமைச்சர் சட்டமன்றத்துக்கு, சட்டமன்றம் வாக்காளருக்கு. எங்கே இந்தக் கடமை அறுந்திருக்கிறதோ அங்கேதான் மனு காணாமல் போகிறது.

இப்போது உங்கள் எம்.எல்.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் எதற்கெடுத்தாலும் எம்.எல்.ஏ.விடம் ஓடுகிறோம். சட்டம் இயற்றுவதும், பட்ஜெட்டை அலசுவதும், அமைச்சரைக் கேள்வி கேட்பதும்தான் அவர் வேலை. சாலை போட உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து சில பணிகளைப் பரிந்துரைக்கலாம். வாக்கெடுப்பிலும் அவர் சுதந்திரமானவர் அல்ல. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அதனால் அவரிடம் ‘சாலை போட்டுத் தாருங்கள்’ என்று கேட்பதைவிட, ‘இந்தச் சாலை குறித்துச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்புங்கள்’ என்று கேட்பது பயன் தரும். அமைச்சர் அவையில் ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டால், அதைத் தொடர்ந்து விசாரிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாக எழுத மனுக்கள் குழுவும் உண்டு. மாவட்டங்களுக்கு வந்து மனுக்களை ஆய்வு செய்யும். இவை இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பள்ளிப் பாடத்தில் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை மனப்பாடம் செய்கிறோம். மனுக்கள் குழுவுக்கு எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கிராம சபைக்கு வருவோம். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். எந்தத் தேர்தலிலும் நிற்காமலேயே உங்களுக்கு இருக்கும் பதவி அது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். 500 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால் கூட்டம் செல்லும். ‘நாங்கள் சில நூறு பேர்தான்’ என்கிறீர்கள். அது ஒரு கிராம சபைக்குத் தேவையான எண்ணிக்கை.

ஆனால் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் எங்கே கோட்டைவிடுகிறோம் என்பது புரியும். பள்ளி வளாகத்திலோ மரத்தடியிலோ நாற்காலி போட்டிருப்பார்கள். செயலர் நீளமான பதிவேடு ஒன்றை வைத்திருப்பார். உள்ளே நுழையும்போதே வருகைக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்துவந்து உட்காரவைத்து எண்ணிக்கை காட்டும் வழக்கமும் இருந்திருக்கிறது. அரசு அனுப்பிய கூட்டப் பொருள்களை ஒருவர் மளமளவென்று வாசிப்பார். டீயும் பிஸ்கட்டும் வரும். ஊர்க்காரர் ஒருவர் எழுந்து குடிநீர்ப் பிரச்சினையைக் கோபமாகப் பேசுவார், தலைவர் சமாதானம் சொல்வார், கூட்டம் கலையும். தீர்மானங்கள் அலுவலகத்துக்குப் போன பிறகு எழுதப்படும். கோபமாகப் பேசியவரின் பேச்சு அதில் ஒரு வரிகூட இருக்காது.

அந்தப் பதிவேட்டில்தான் உங்கள் பலம் இருக்கிறது. பேச வேண்டாம் என்று சொல்லவில்லை; பேசுவதற்கு முன் எழுதிக்கொண்டு போங்கள். ‘இன்ன தெருவிலிருந்து இன்ன இடம் வரையிலான சாலையைச் சீரமைக்க இந்தச் சபை தீர்மானிக்கிறது’ என்று இரண்டு மூன்று வரியில் தீர்மான வாசகத்தை நீங்களே தயாரித்து, கையெழுத்தோடு கொடுங்கள். கூட்டம் முடிவதற்குள் பதிவேட்டில் எழுதச் சொல்லி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். பின்னால் எதையும் நுழைக்க முடியாது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐச் சபையின் முன் வைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, சாலைப் பராமரிப்பு என்ற தலைப்பில் செலவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாத சாலைக்குச் செலவு இருந்தால், அதைவிடப் பெரிய ஆயுதம் உங்களுக்கு வேறு தேவையில்லை.

இந்த வழியை நமக்குக் காட்டியவர்களில் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. செய்தது மிக எளிய காரியம்: அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊர்க் கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முழுப் பணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் கணக்கில் பொய்யைக் கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் ஊர், அவர்கள் பெயர். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடத்தி, அரசு ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையைக் கேட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு தமிழ்நாடு, தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது. விதிவிலக்குகள் அதிகமாக இருந்ததால் அந்தச் சட்டம் பெரிதாக உதவவில்லை. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது.

உங்கள் சாலைக்கு அந்தச் சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது? முதலில் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று மூன்று கையில் ஏதோ ஒன்றில் அது இருக்கும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டதாக இருந்தால் முதல் 5 ஆண்டு பராமரிப்பு ஒப்பந்ததாரரின் பொறுப்பு. தெரியாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கே மனு போடுங்கள். தங்களுக்கு உரியது இல்லையென்றால் 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

‘ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு ‘தகவல் இல்லை’ என்று எழுதித் தப்பிவிடலாம். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தச் சாலைக்குக் கடைசியாகத் தயாரித்த மதிப்பீட்டின் நகல், பணி உத்தரவின் நகல், செய்து முடித்த வேலையின் அளவுகளைப் பதிவுசெய்யும் அளவீட்டுப் புத்தகத்தில் இந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய விவரம். பணியை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும்கூடச் சட்டம் உரிமை தருகிறது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம், அபராதம் அரிது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2023இல் செய்த திருத்தம், பெயர் உள்ள ஆவணங்களை மறுப்பதை இன்னும் எளிதாக்குகிறது என்பது என் கவலை. அப்படியிருந்தும் பல சாலைகள் மேல்முறையீடு வரை போவதில்லை; அளவீட்டுப் புத்தகத்தின் நகலைக் கேட்டு ஒருவர் எழுதிவிட்டார் என்றாலே கோப்பு நகரத் தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்து கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிதல்ல. அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காக முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை தலைவர் தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. இன்றைக்கும் கிராம சபையில் காலனி மக்கள் எங்கே உட்காருகிறார்கள், பெண்கள் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் சில நூறு பேரில் அவர்கள் இருக்கிறார்களா? அவர்கள் தெருவின் சாலையும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அது நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊர் இரண்டாக இருக்கும்வரை, அதிகாரத்தில் இருப்பவர் ஒரு பாதியைக் காட்டி மறு பாதியை அடக்கிவிடுவார்.

அமைதியாகக் கேட்பவர்களுக்கும் ஆபத்து வரலாம் என்பதற்குத் தூத்துக்குடி சாட்சி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆறே நாளில் ஆலையை மூட அரசாணை வந்தது. அந்த ஆணையைப் பதின்மூன்று உயிர்களுக்கு முன்பே பிறப்பித்திருக்க முடியும். இதை மன்னிக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

அடுத்து ஓட்டு. அதை நீங்கள் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். 2016இல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள் என்று அறிவிக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போனது. 2021இல் தியாகராய நகரில் 137 வாக்குகள். உங்கள் ஊரின் சில நூறு ஓட்டுக்கு வேட்பாளர்கள் கணக்குப் போடாமல் இருப்பதில்லை. அதனால் ‘தேர்தல் புறக்கணிப்பு’ என்று பேனர் கட்டுவதை நான் ஏற்பதில்லை. பேனர் கட்டியதும் வட்டாட்சியர் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், ‘தேர்தல் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார், பேனர் இறங்கும். கையிலிருந்த ஓட்டையும் கொடுத்துவிட்டு வெறும் வாய்ச்சொல்லோடு நிற்போம். அதற்குப் பதிலாக, எல்லா வேட்பாளர்களையும் ஊருக்கு அழைத்து, ஒரே கோரிக்கைத் தாளில் ஒவ்வொருவரிடமும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். யார் ஜெயித்தாலும் அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.

தமிழ்நாட்டில் ஒரு கூடுதல் சிக்கல், கீழ்மட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாத காலங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2025 ஜனவரியில் 27 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அரசு அமர்த்தும் தனி அலுவலர்கள் மறுபடியும் பொறுப்பேற்றார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த அலட்சியம் தொடர்கிறது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை இருக்கிறது. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. அப்போது தீர்மானத்தைத் தனி அலுவலரிடம் கொடுங்கள். அவர் அரசு ஊழியர் என்பதால் எழுத்தில் வந்ததை ஒதுக்குவது அவருக்கு இன்னும் கடினம்.

ஆகவே இன்றே தகவல் மனுவை அனுப்பிவிடுங்கள். சாலை யாருடையது என்ற பதில், அடுத்த கிராம சபைக்குள் கையில் இருப்பது நல்லது. கூட்டத்துக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்களை அழையுங்கள், தீர்மான வாசகத்தோடு போங்கள், தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் நகலைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு சட்டப்படி அவருக்கு உண்டு. இதற்கெல்லாம் ஒரே ஒருவர் அலையக் கூடாது. குறைந்தது மூன்று பேராவது பெயர் கொடுத்து, கோப்பு ஒன்றை ஊர்ப் பொதுவில் வையுங்கள். ஒருவரை மிரட்டினாலோ விலைக்கு வாங்கினாலோ மற்ற இருவர் தொடரலாம். அதற்கடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, சென்ற கூட்டத்தின் அந்த எண்ணுள்ள தீர்மானத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். வரும் பதில் எதுவானாலும் அதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.